கடன் வாங்கிய பி.டி. பீரியடு

ஜூன் 30, திங்கள்

மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த கம்பெனி டைரி ஆறு மாதமாகப் பரணில் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்தேன். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. எழுதுகிறவர்களைக் கண்டால் இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பேன். ஆனால் இப்போது எனக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது.

நான் சண்முகவடிவு. அரசுப் பெண்கள் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுக்கென்று வாரம் இரண்டு பி.டி. பீரியடு உண்டு. அதை நான் கடன் கேட்டு வாங்கிவிடுவேன். நான் கேட்காத வாரம் அறிவியல் தேவசகாயம் சார் வாங்கிவிடுவார். உடற்கல்வி டீச்சர் ரோஸ்லின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுப்பாள். எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். கடன் என்று சொல்வோமே தவிர, யாரும் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ரோஸ்லின் பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள். இன்று ஹெச்.எம். ஆவுடையம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வடிவு, ஆகஸ்டுல குறுவட்டப் போட்டி வருது. ரோஸ்லின் வார வரைக்கும் வெளையாட்டுப் பொறுப்பு ஒங்களுக்கு."

"எனக்கா மேடம்? நான் பஸ்ஸுக்குக்கூட ஓடுனது கெடையாது."

"பி.டி. பீரியட அதிகமா கையில வச்சிருக்கது நீங்கதானே. நீங்களே பாருங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருசமா ஓட்டத்துல ஒரு சர்டிபிகேட்டும் வரல. இந்த வருசமும் வெறுங்கையோட வந்தா, ஒம்பதுக்கும் பத்துக்கும் பி.டி.ய எடுத்துருதேன். ஒரு பீரியடு கணக்குக்கு, ஒண்ணு சயின்ஸுக்கு. டைம்டேபிள்லயே போட்டுருதேன். அதுக்குப் பெறவு யாரும் யார்ட்டயும் போய் நிக்க வேண்டாம்."

பத்தொன்பது வருடமாக நான் ஆசைப்பட்டது இது. கிடைக்க வேண்டுமென்றால் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தோற்க வேண்டும். தோற்பதற்கு எங்கள் பள்ளியில் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு ஒருவர், வடிவு டீச்சர் வேண்டுமென்றே தோற்க வைத்துவிட்டாள் என்று சொல்லிவிடக் கூடாது. நான் முழு முயற்சி செய்தேன் என்பதற்கு இந்த டைரி சாட்சி.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆறாவது பீரியடு பி.டி. காரணிப்படுத்துதல் பாதியில் நிற்கிறது. பீரியடைக் கணக்குக்குத் தர முடியுமா என்று விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். பொறுப்பாசிரியர் நான்தான்.

ஜூலை 3, வியாழன்

ஹெச்.எம். தன் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்திருக்கிறார். மைதானத்தில் இரண்டு ஆடுகள் மட்டும் நின்றிருக்கின்றன. எனவே இன்று முழு முயற்சி தொடங்கியது. பி.டி. பீரியடு இல்லாத நாளில் சாயங்காலம் மணி அடித்த பிறகு.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு பள்ளிக்கு இரண்டு பேர். தூரம் அதிகம் என்பதால் மற்றப் பள்ளிகளே அதிகம் வரமாட்டார்கள் என்று கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னேன். பாதிப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிவரை உட்காராதவர்கள் பன்னிரண்டு பேர். அதில் முன்னால் வந்தவள் முப்பிடாதி. போன பரீட்சையில் கணக்கில் பதினொரு மார்க். அடுத்தவள் ராபியா. அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை, எதற்கு ஓடினாள் என்று தெரியவில்லை.

ரோஸ்லினுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் வாட்ஸப்பில் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் பிள்ளை வீறிட்டு அழுகிறது.

"டீச்சர், ஒரேயடியா ஓட விடாதீங்க. விட்டு விட்டு ஓடணும். ஒரு சுத்து நல்ல வேகமா. அடுத்த சுத்து நடக்கணும். திரும்ப வேகமா. மொத வாரம் நாலு தடவ போதும், பெறவு கூட்டிக்கிடலாம். இதுல நடக்கது எதுக்குன்னா..."

மேற்கொண்டு கேட்கவில்லை. நடப்பது எதற்கென்று ஒரு ஆள் எனக்குச் சொல்ல வேண்டுமா? மாவும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

ரோஸ்லினின் திட்டத்தில் பெரிய குறை ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஓடும் நேரத்தைவிட நடக்கும் நேரம் அதிகம். நாற்பது நிமிடப் பீரியடில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு நடந்தால், அது பயிற்சியா, கோயில் சுற்றா? நடையை வெட்டிவிட்டால் அதே நேரத்தில் இரண்டு மடங்கு ஓடலாம். இரண்டு மடங்கு ஓடினால் இரண்டு மடங்கு பலன். உடற்கல்வி படித்தவர்களுக்குக் கணக்கு வராது என்பது எனக்கு முன்பே தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

நடை இல்லாமல் எட்டுச் சுற்று. முதல் சுற்றில் நன்றாகத்தான் ஓடினார்கள். மூன்றாவதில் தளர்ந்தார்கள். ஐந்தாவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ராபியா எலுமிச்சை சாதத்தை வாந்தி எடுத்தாள். முப்பிடாதி மட்டும் எட்டையும் முடித்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, "டீச்சர், வானம் சுத்துது" என்றாள்.

"வானம் சுத்தாது. பூமிதான் சுத்தும்" என்றேன். அறிவியல் ஆனாலும் தப்பைத் திருத்தாமல் விட முடியவில்லை.

ஜூலை 9, புதன்

பன்னிரண்டு பேருக்கும் இன்று வயிற்றுவலி. எல்லாருக்கும் தொப்புளுக்கு இடது பக்கம்.

தேவசகாயம் சார் ஸ்டாப் ரூமில் டீ வாங்கிக் கொடுத்தார். "நல்லா கொண்டு போறிய டீச்சர். இப்பிடியே போனா ஆகஸ்டு வரைக்கும் ஒருத்தியும் மிஞ்ச மாட்டா" என்றார். பாராட்டுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. டீ நன்றாக இல்லை.

ஜூலை 10, வியாழன்

ரோஸ்லின் அனுப்பியதில் மிச்சத்தைக் கேட்டேன்.

"...நடக்கது எதுக்குன்னா, அப்பதான் ஒடம்பு தேறும். நடந்தாத்தான் அடுத்த சுத்தும் மொத சுத்து மாதிரி வேகமா ஓட முடியும். நடையக் கொறச்சா வேகமும் வராது, தம்மும் வராது. ஓடும்போது பேச முடியக் கூடாது டீச்சர். நடந்து முடிக்கும்போது பேச முடியணும். அதப் பாத்துதான் அடுத்த சுத்து விடணும். டீச்சர், நீங்க நடைய வெட்டிருவியன்னு எனக்குத் தெரியும். வெட்டிராதீங்க."

மூன்று தடவை கேட்டேன். எனக்கு முகம் சுட்டது. ஒரு ஆளைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டு, அதைப் போய் வாட்ஸப்பில் அனுப்பலாமா?

ஜூலை 11, வெள்ளி

நடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் பிள்ளைகள் சும்மா நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாய் சும்மாதானே இருக்கிறது. நடக்கும்போது சூத்திரம் சொல்ல வேண்டும் என்றேன். ஏ பிளஸ் பி ஹோல் க்யூப். மூச்சு வாங்காமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில் முழுவதும் சொன்னால்தான் அடுத்த சுற்று. அதுவரை நடக்கலாம்.

"தப்பாச் சொன்னா டீச்சர்?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"நடந்துக்கிட்டே இருக்கணும்."

"நல்லதாப் போச்சு" என்றாள். அப்புறம் மூன்று சுற்று நடந்தாள்.

ஜூலை 14, திங்கள்

மைதானம் முழுக்க நெருஞ்சி முள். கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கினேன். சேலைக்குக் கீழே வெளியே தெரியாது.

வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "ஓட்டமா வடிவு?" என்றார்.

"முள்ளுக்கு" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

தூரத்தில் நின்றால் சூத்திரம் காதில் விழுவதில்லை. ஏமாற்றுகிறார்கள். ஜெனிலா என்றொருத்தி வெறுமனே உதட்டை அசைக்கிறாள். எனவே நடைச் சுற்றில் மட்டும் நானும் கூடவே நடக்கிறேன். கண்காணிப்புக்காக.

ஜூலை 21, திங்கள்

இதை எழுதி வைக்க வேண்டும். முதல் வாரம் ஒரு முழுச் சுற்று நடந்த பிறகுதான் முப்பிடாதியால் சூத்திரத்தைச் சொல்ல முடிந்தது. நடுவில், "த்ரீ ஏ ஸ்கொயர்..." என்று இழுத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். இன்று முக்கால் சுற்றிலேயே பி க்யூப் வரை வந்துவிட்டாள். ஆறு தடவை ஓடினாள். ஆறாவது சுற்றும் முதல் சுற்றைப் போலவே இருந்தது. ராபியாவுக்கும் அப்படித்தான். எலுமிச்சை சாதத்தை ராபியா இப்போது பயிற்சி முடிந்த பிறகுதான் சாப்பிடுகிறாள்.

இன்னொன்று. வகுப்பில் சூத்திரம் கேட்டேன். முப்பிடாதி எழுந்து நின்று சொன்னாள். சொல்லும்போது கால் இரண்டும் நின்ற இடத்திலேயே நடந்தன.

ஜூலை 22, செவ்வாய்

சாரல். மைதானம் சேறு. பயிற்சி இல்லை. கேஸ் வந்தது. பகல் முழுக்க எதையோ தொலைத்தது போலவே இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

பீரியடு தொடங்கி மைதானத்துக்குப் போனால் ஒரு குஞ்சு இல்லை. ஆடுகள்தான் நிற்கின்றன. தேவசகாயம் சார் வகுப்புக்குள் ஸ்லிப் டெஸ்ட் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"சார், இது பி.டி. பீரியடு."

"ஒரே ஒரு நாள் டீச்சர். போர்ஷன் கெடக்கு."

"எனக்கும்தான் கெடக்கு."

"ஓடுனா மார்க்கு வருமா டீச்சர்?"

அது என் வசனம். வருடக்கணக்காக ரோஸ்லினிடம் நான் சொல்லிவருவது. வாசலில் நின்று அதைக் கேட்கிறபோது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது.

"பிள்ளையளே படிக்கோம்னுதான் சொல்லுதாங்க. கேட்டுப் பாருங்க" என்றார். அதுவும் என்னுடையது. பிள்ளைகளைப் பார்த்து, "படிக்கத்தானே வேணும்?" என்று கேட்டால், எந்தப் பிள்ளை இல்லையென்று சொல்லும்?

நான் அவர்கள் பக்கம் திரும்பி, "யாருக்கு ஓடணும்?" என்றேன். எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. பிறகு முப்பிடாதி எழுந்து, ஒன்றும் எழுதாத பேப்பரை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் ராபியா. அவள் பின்னால் மற்றப் பத்துப் பேர்.

சார் வராந்தா வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "தோத்தா நமக்குத்தான டீச்சர் லாபம்? நீங்க என்ன இப்பிடி மெனக்கெடுதிய?"

"முழு முயற்சி செய்யணும் சார். நாளைக்கு நம்மள யாரும் ஒரு வார்த்த சொல்லிரக் கூடாதுல்லா."

அதற்காகத்தான் செய்கிறேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

நடைச் சுற்றில் முப்பிடாதி சூத்திரத்தைச் சொல்லி முடித்த பிறகும் ஓடவில்லை. என் பக்கத்திலேயே நடந்தாள்.

"டீச்சர், நாங்க தோத்தா பி.டி. பீரியடு போயிருமாமே."

"யாரு சொன்னா?"

"தேவசகாயம் சார் சொன்னாங்க. போனா கணக்குக்கு வருமாமே."

நான் சேலைக் கொசுவத்தைச் சரி செய்தேன்.

"வீட்டுல ஓடுனா பொட்டப்பிள்ள அடக்கமா நடன்னு எங்கம்ம வையுதா. ரோட்டுல ஓடுனா, ஏளா ஒனக்குப் பைத்தியமான்னு கேக்காவ. இங்கன மட்டுந்தான் டீச்சர் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." ஒரு நெருஞ்சி முள்ளைத் தாண்டி வந்தாள். "கணக்க நான் வீட்டுல இருந்துகூடப் போட்டுருவேன் டீச்சர்."

அது பொய். அவள் வீட்டுப்பாடம் செய்து நான் பார்த்ததில்லை. "பேசாம ஓடுட்டி" என்றேன். ஓடினாள். அந்தச் சுற்றில் அவளைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுகர் பார்க்கப் போனேன். குறைந்திருக்கிறது. "என்ன செய்யுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "கண்காணிப்பு" என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இப்போது எட்டுத் தடவை ஓடுகிறார்கள். அரைச் சுற்று நடந்தாலே சூத்திரம் முழுதாக வந்துவிடுகிறது. அளந்து பார்த்தால் தோற்பதற்கான அறிகுறி குறைந்துவருகிறது. நான் என் கடமையைத்தானே செய்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது திடுக்கென்று ஞாபகம் வந்தது. இந்த ஒன்றரை மாதத்தில் இரண்டு பேரையும் ஒரு தடவைகூட முழுத் தூரத்தையும் நிறுத்தாமல் ஓட விட்டதில்லை. ஒரு சுற்று ஓடுவார்கள், நடப்பார்கள், ஓடுவார்கள். போட்டியில் யார் நடக்க விடுவார்கள்? நாளை மறுநாள் போட்டி. ரோஸ்லினுக்குப் போன் போட்டேன்.

"முழுசா ஒரு தடவகூட ஓட விடலியா டீச்சர்? நான் சொன்னேனே, ரெண்டாவது மெசேஜ்ல."

இரண்டாவது மெசேஜ் என்று ஒன்று இருந்திருக்கிறது.

"இனிமே ஒண்ணும் செய்யாதீங்க. நாளைக்கு ஓட விட்டா காலு செத்துப்போயிரும். தம்மு இருக்கு டீச்சர். பயப்படாதீங்க" என்றாள்.

நான் எதற்குப் பயப்பட வேண்டும்? தோற்றால் எனக்கு வாரம் ஒரு பீரியடு. இதைத்தான் எழுதி வைக்க நினைத்தேன். இட்லி குழைந்துவிட்டது, வீட்டுக்காரர் சட்னியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஷூவைக்கூட இன்னும் கழற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

போட்டி மைதானம் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. வரிசையில் ஒன்பது பிள்ளைகள். எங்களுடைய இரண்டைத் தவிர எல்லாருக்கும் கலர் கலராகப் பனியன். முப்பிடாதியிடம், "மொதல்லயே பிச்சுக்கிட்டு ஓடாத. இன்னைக்கு நடக்கக் கூடாது, கேட்டியா" என்றேன். தலையாட்டினாள். கேட்டமாதிரி தெரியவில்லை.

விசில் அடித்தார்கள். ஒன்பது பேரும் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு வந்ததுபோலப் பறந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும்தான். முதல் சுற்றில் முப்பிடாதி இரண்டாவது. இரண்டாவது சுற்று முடியும்போது நான்காவது. ராபியா ஏழு.

மூன்றாவது சுற்றின் தொடக்கத்தில் முப்பிடாதி நடக்கத் தொடங்கினாள்.

கூட்டத்தில் சிரித்தார்கள். "அரசுப் பள்ளி முடிஞ்சுது" என்று பக்கத்தில் யாரோ சொன்னார். நான் கயிற்றோரமாக ஓடினேன். ஆமாம், ஓடினேன், கான்வாஸ் ஷூவோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "முப்பிடாதி" என்று கத்தினேன். "ஓடு" என்று கத்தப்போகிற நேரத்தில் அவள் உதட்டைப் பார்த்தேன். அசைந்துகொண்டிருந்தது.

என் வாழ்க்கையில் ஒரு பிள்ளை சும்மா இருப்பதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தது கிடையாது. இன்று மூடிக்கொண்டேன். ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள். இன்னொருத்தி தாண்டினாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஏ க்யூப். த்ரீ ஏ ஸ்கொயர் பி. இழுக்கவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. த்ரீ ஏ பி ஸ்கொயர். பி க்யூப்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்க. ஓடுட்டி" என்றேன்.

ஓடினாள். முன்னால் போனவர்கள் அத்தனை பேருக்கும் அதற்குள் விலா பிடித்துக்கொண்டது. ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றேவிட்டாள். அவர்களும் நடந்தார்கள், ஆனால் மறுபடி ஓட அவர்களுக்குத் தெரியவில்லை. முப்பிடாதிக்கு அது மட்டும்தான் தெரியும். ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். இன்னும் நூறு மீட்டர் இருந்திருந்தால் இரண்டாவதையும் பிடித்திருப்பாள். மூன்றாவது. ராபியா ஐந்தாவது. அவளும் நடுவில் நடந்தாளாம், நான் பார்க்கவில்லை.

நடுவர் ஒருவர் என்னிடம் வந்து, "வெளிய இருந்து சொல்லிக் கொடுக்கக் கூடாதுங்க. என்ன சொன்னீங்க?" என்றார்.

"கணக்கு" என்றேன்.

முப்பிடாதி கோட்டைத் தாண்டி மல்லாந்து படுத்துக்கிடந்தாள். "டீச்சர், வானம் சுத்துது" என்றாள். நானும் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் சுற்றியது. இந்தத் தடவை திருத்தவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பிரேயரில் சர்டிபிகேட்டைத் தூக்கிக் காட்டினார்கள். ஹெச்.எம். அறைக்கு என்னைக் கூப்பிட்டு ஜாங்கிரி கொடுத்தார்.

"அப்போ பி.டி. பீரியடு அப்படியே இருக்கட்டும். ஒங்களுக்குத்தான் நஷ்டம், வடிவு."

"ஆமா மேடம்" என்றேன்.

"பொறுப்ப ஒங்ககிட்ட குடுத்தா இப்பிடி வரும்னு அப்பவே நெனச்சேன்" என்று கண்ணாடியைத் துடைத்தார். எப்படி வரும் என்று நினைத்தாராம்? கேட்கவில்லை.

வாரம் ஒரு பீரியடு போனது போனதுதான். நான் முழு முயற்சி செய்ததற்கு இந்த டைரி சாட்சி. இரண்டாவது ஜாங்கிரி சாப்பிட்டதற்கும் இதுவே சாட்சி, டாக்டர் பார்க்காமல் இருந்தால் சரி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேவசகாயம் சார் ஒரு வாரமாகப் பேசவில்லை. இன்று பேசினார், பி.டி. பீரியடு கேட்டு. இல்லையென்றேன். ரோஸ்லின் வர இன்னும் மூன்று மாதம் ஆகும்.

காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கில் ஒரு பாடம் முழுதாக மிச்சம் கிடக்கிறது. ஆறாவது பீரியடைக் கணக்குக்குத் தர முடியுமா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டேன். ஒரே ஒரு நாள்தான் என்று கெஞ்சியும் பார்த்தேன்.

பொறுப்பாசிரியர் தரவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.